கடன் குறைவாக உள்ளவருக்குக் கடன் அட்டை தேவைதானா?

வாசகர் கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 34. அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். காருக்காக வாங்கிய கடனை ஐந்து மாதங்களுக்கு முன்பு கட்டி முடித்துவிட்டேன். இப்போது எனக்கு இருப்பவை ஒரு கைப்பேசி ஒப்பந்தமும், துணிக்கடைக் கணக்கில் 900 ரேண்ட் பாக்கியும் மட்டுமே. சேமிப்பில் 30,000 ரேண்ட் வைத்திருக்கிறேன். சம்பளம் மாதம் 15-ஆம் தேதி வருகிறது. இரண்டு ஆண்டுகளில் 900,000 ரேண்ட் அளவில் ஒரு வீடு வாங்க நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலிருந்து 40,000 ரேண்ட் வரம்புடன் கடன் அட்டை தருவதாக மூன்று முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். ‘கார்டு இல்லாவிட்டால் பாண்ட் (வீட்டுக் கடன்) கிடைக்காது’ என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். ‘கையில் காசு இருந்தால் வாங்கு, இல்லையென்றால் பொறுத்திரு’ என்கிறார் மாமனார். எனக்கு அட்டையால் பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாண்ட் கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நீங்கள் கடன் அட்டை வாங்க வேண்டியதில்லை. வேறு சில காரணங்களுக்காக, சிறிய வரம்பில், மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடும் ஏற்பாட்டோடு ஒன்றை வைத்துக்கொள்வதால் உங்களைப் போன்றவருக்கு நன்மை உண்டு. ஆனால் வங்கி தருவதாகச் சொல்லும் 40,000 ரேண்ட் வரம்பை ஏற்காதீர்கள்.

உடன் பணிபுரிபவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி உங்கள் சம்பளத்தைப் பார்ப்பதோடு, இதற்கு முன் வாங்கியதைச் சொன்ன தேதியில் திருப்பிக் கட்டினீர்களா என்பதையும் பார்க்கிறது. அந்த விவரங்கள் டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற கிரெடிட் பீரோக்களில் பதிவாகின்றன. எல்லாவற்றையும் ரொக்கத்திலேயே வாங்கி வாழ்ந்த ஒருவருக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படியான பதிவே இராது. யோக்கியமானவராக இருந்தும், வங்கியின் கண்ணுக்கு அவர் முன்பின் தெரியாதவராகவே இருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு கடன் அட்டை உதவும் என்பது உண்மைதான்.

ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர். காருக்கான கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்திருக்கிறீர்கள். கட்டிய விவரம், கணக்கு முடிந்ததோடு மறைந்துவிடுவதில்லை. தவணை வரலாறு ஐந்து ஆண்டுகள் வரை பதிவில் நிற்கும். அதோடு கைப்பேசி ஒப்பந்தமும் துணிக்கடைக் கணக்கும் மாதாமாதம் பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டி முடித்த கார் கடன், ஆறு மாத வயதுள்ள புதிய அட்டையைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். ஆகவே ‘கார்டு இல்லாவிட்டால் பாண்ட் கிடைக்காது’ என்பது உங்கள் விஷயத்தில் பொருந்தாது.

இருந்தாலும் என் சொல்லை மட்டும் நம்பி நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். நம் நாட்டுத் தேசியக் கடன் சட்டப்படி, ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வங்கிக்கு எந்தப் பதிலும் சொல்வதற்கு முன்பு அந்த அறிக்கைகளை வாங்கிப் பாருங்கள். கார் கடன் ‘முழுவதும் செலுத்தப்பட்டது’ என்று இருக்கிறதா, கைப்பேசியும் துணிக்கடையும் பதிவாகின்றனவா, உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதும் உங்கள் அடையாள எண்ணில் திறக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த பீரோவிடமே எழுத்தில் முறையிடலாம். விசாரித்துத் திருத்த வேண்டியது அவர்கள் கடமை. அதில் தீர்வு கிடைக்காவிட்டால், 2024 மார்ச் 1 முதல் செயல்பட்டுவரும் தேசிய நிதி ஆம்புட் என்ற, முறையீடுகளை விசாரிக்கும் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும்போது இதைச் செய்வது எளிது. வீட்டுக்கு விலை பேசி முடித்த பிறகு ஒரு பழைய பிழையைக் கண்டுபிடிப்பவர்களின் பதற்றத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். விற்பவர் காத்திருக்க மாட்டார்.

நல்ல பதிவு எவ்வளவு பெறுமானம் உள்ளது என்பதையும் ஒரு கணக்கால் காட்டுகிறேன். 900,000 ரேண்டை 20 ஆண்டுத் தவணையில் 10.5 சதவீத வட்டிக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,985 ரேண்ட். அதே கடன் 11.5 சதவீதத்தில் கிடைத்தால் 9,598 ரேண்ட். மாதம் சுமார் 612 ரேண்ட் வித்தியாசம். வட்டி மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால் 240 மாதங்களில் அது ஏறத்தாழ 147,000 ரேண்ட். இந்த ஒரு சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் வேலை. அட்டை அதற்குத் துணை செய்யுமானால் வைத்துக்கொள்ளலாம். கெடுக்குமானால் எவ்வளவு பரிசுப் புள்ளிகள் தந்தாலும் வேண்டாம்.

இனி அட்டையின் செலவைப் பார்ப்போம். ‘55 நாள் வரை வட்டி இல்லை’ என்று தொலைபேசியில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உங்கள் கணக்கு அறிக்கை மாதம் 22-ஆம் தேதி எடுக்கப்பட்டு, 25 நாள் கழித்துக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 23-ஆம் தேதி வாங்கிய பொருள் ஜூலை 22-ஆம் தேதி அறிக்கையில் வரும். ஆகஸ்ட் 16-ஆம் தேதி கட்டினால் போதும். 54 நாள் கிடைக்கிறது. அதே பொருளை ஜூலை 21-ஆம் தேதி வாங்கியிருந்தால் கிடைப்பது 26 நாள் மட்டுமே.

இந்த அவகாசத்தால் உங்களுக்கு என்ன மிச்சமாகும்? மாதம் 3,000 ரேண்டுக்கு மளிகையும் மருந்தும் அட்டையில் வாங்குகிறீர்கள். அந்தப் பணம் சராசரியாக 40 நாள் கூடுதலாக உங்கள் சேமிப்புக் கணக்கில் 7 சதவீத வட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் வட்டி 23 ரேண்ட். அட்டைக்கு வங்கி வாங்கக்கூடிய மாதச் சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 60 ரேண்ட். மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தால் 69 ரேண்ட். ஆண்டுக்கு 828 ரேண்ட். முழுக் கட்டணமும் வாங்கும் அட்டையாக இருந்தால், வட்டியில்லா நாட்களை மட்டும் நம்பி அதை வைத்திருப்பவர் மாதம் 46 ரேண்ட் இழக்கிறார். கடன் குறைவாக உள்ளவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். ஆனால் எல்லாரும் வட்டியைப் பற்றியே கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. உங்கள் சம்பளக் கணக்கின் மாதக் கட்டணத்திலேயே அட்டைக்கான கட்டணமும் அடங்குமா என்று வங்கியிடம் கேளுங்கள். சில கணக்கு வகைகளில் அடங்கும். அடங்குமானால் இந்தத் தடை நீங்கிவிடும்.

அப்படியானால் நன்மை என்று நான் சொன்னது எது? முதலாவது, உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. இணையத்தில் பொருள் வாங்கும்போது டெபிட் அட்டையின் எண் திருடப்பட்டால், போவது உங்கள் கணக்கில் உள்ள பணம். வங்கி விசாரித்து முடிக்கும்வரை மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நீங்கள் திண்டாட வேண்டும். கடன் அட்டையில் அதே திருட்டு நடந்தால், சம்பளக் கணக்கு தொடப்படுவதில்லை. அந்தத் தொகை என்னுடையதல்ல என்று உடனே தெரிவித்துவிட்டு நீங்கள் வங்கியிடம் வாதாடலாம். ஜொகன்னஸ்பர்க்குக்கோ கேப் டவுனுக்கோ போய் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கும், தங்கும் விடுதியில் முன்பணம் பிடித்துவைக்கச் சொல்பவர்களிடம் மாட்டிக்கொள்பவர்களுக்கும் அட்டையின் பயன் தெரியும். மற்றொன்று, கார் கடன் முடிந்துவிட்டதால், இனி வரும் இரண்டு ஆண்டுகளில் உங்கள் பெயரில் மாதாமாதம் பதிவாகப் போகிறவை இரண்டு சிறு கணக்குகள் மட்டுமே. ஒழுங்காகக் கட்டப்படும் மூன்றாவது கணக்கு அதற்குச் சற்று வலுச் சேர்க்கும். சற்று என்றுதான் சொல்கிறேன்.

இப்போது மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் பழைய காலத்துப் பேச்சாக எண்ணவில்லை. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் கரும்புத் தோட்ட ஒப்பந்தங்களில் கைநாட்டு வைத்தவர்களும், படித்துப் பார்க்க முடியாத தாளில் கையெழுத்திடுவது என்றால் என்ன என்பதை உடம்பால் அறிந்தவர்கள். அவர்கள் வழிவந்த வீடுகளில் கடன் என்ற சொல்லுக்கே ஒரு கூச்சம் இருப்பது இயல்பு. கடன் ஆலோசகராக என் மேசைக்கு முன் வந்து உட்காருபவர்களைப் பார்த்தால், அந்தக் கூச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அவர்களில் ஓர் ஆசிரியையை நினைத்துக்கொள்கிறேன். பதினெட்டு மாத அறிக்கைகளை ஒரு நெகிழிப் பையில் கொண்டுவந்து, தேதி வாரியாக என் மேசையில் அடுக்கினார். ஒவ்வொரு தாளிலும் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை’ என்ற வரியில் மஞ்சள் மை பூசியிருந்தார். பக்கத்தில் சிறிய எழுத்தில், கட்டிய தேதி. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ‘சொன்னதைச் சொன்ன நாளில் கட்டினேன், பிறகு ஏன் குறையவே இல்லை?’ என்று கேட்டார். அவர் குறிக்காமல் விட்ட வரி, அதற்கு இரண்டு வரி கீழே இருந்த வட்டி.

அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அட்டைக்கு வாங்கக்கூடிய வட்டியின் உச்ச வரம்பு, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியோடு) 14 சதவீதம் சேர்ந்தது. ரெப்போ 7 சதவீதம் என்றால் 21 சதவீதம். அந்த வட்டியில் 10,000 ரேண்ட் பாக்கி வைத்து, புதிதாக எதுவும் வாங்காமல், மாதம் நிலுவையில் 5 சதவீதத்தை மட்டும் குறைந்தபட்சமாகக் கட்டி வந்தால், ஓராண்டில் நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ 5,100 ரேண்ட். ஆனால் பாக்கி இன்னும் 6,650 ரேண்டுக்கு மேல் நிற்கும். சேவைக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவில்லை. அந்த ஆசிரியை இடையிடையே பள்ளிச் சீருடையும் தீபாவளிச் செலவும் அதே அட்டையில் போட்டுக்கொண்டே வந்ததால், அவருக்கு அந்தக் குறைவுகூடக் கண்ணில் படவில்லை.

அவருடைய கடனின் தொடக்கம் ஒரு குளிர்சாதனப் பெட்டி. பணம் செலுத்துமிடத்தில், அட்டையைச் செருகும்போது, ‘ஸ்ட்ரெய்ட்டா, பட்ஜெட்டா?’ (வழக்கம்போலவா, மாதத் தவணையிலா?) என்று காசாளர் கேட்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பின்னால் வரிசை நிற்கிறது, யோசிக்க நேரமில்லை, ‘பட்ஜெட், 36 மாதம்’ என்று சொல்லிவிட்டார். ‘பட்ஜெட்’ என்று சொன்ன அந்த நொடியிலேயே வட்டியில்லா நாட்கள் போய்விடுகின்றன. 12,000 ரேண்டுப் பெட்டிக்கு 21 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்கு மாதம் 452 ரேண்ட் வீதம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 16,280 ரேண்ட் ஆகிறது. அன்று அவருடைய சேமிப்புக் கணக்கில் 15,000 ரேண்ட் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம் தந்த செய்தி. சேமிப்பைத் தொட மனமில்லாமல், அந்தச் சேமிப்பு ஈட்டும் வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். உங்களிடமும் 30,000 ரேண்ட் சேமிப்பு இருக்கிறது. இந்த மனநிலை உங்களுக்கும் வரலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அட்டையை ஏற்பதாக இருந்தால், ‘பட்ஜெட்’ என்ற சொல்லை ஒருபோதும் சொல்வதில்லை என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏடிஎம்மில் அந்த அட்டையைப் போட்டு ரொக்கம் எடுப்பதும் அப்படியே. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு.

வரம்பைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதற்கும் காரணம் உண்டு. 40,000 ரேண்ட் உங்களுக்குத் தேவை என்று யாரும் கணக்கிடவில்லை. உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் மாதம் 3,000 ரேண்ட் அளவுக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் 9,000 ரேண்ட் போதும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது, கிரெடிட் பீரோக்கள் உங்கள் பதிவை வைத்துத் தரும் கடன் மதிப்பெண்ணுக்கும் நல்லது. வீட்டில் ஏதோ அவசரம் வந்து 9,000 முழுவதும் செலவாகிவிட்டாலும், உங்கள் சேமிப்பிலிருந்து ஒரே நாளில் அடைத்துவிடலாம். 40,000 செலவானால் அடைக்க முடியாது. அது மட்டுமல்லாமல், பாண்ட் கேட்கும்போது சில வங்கிகள், நீங்கள் தொடாத வரம்பையும் நாளைக்கு வரக்கூடிய கடனாக எண்ணி, உங்களால் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று கணக்கிடுகின்றன. தேவைக்கு மேற்பட்ட 31,000 ரேண்ட் வரம்பு உங்கள் வீட்டுக் கடனைக் குறைத்துவிடக் கூடாது.

குறைந்த வரம்பு கேட்பதில் தயக்கம் வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2007 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தேசியக் கடன் சட்டப்படி, வரம்பைக் குறைக்கச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் நீங்கள் எழுத்தில் கேட்கலாம். நீங்கள் கேட்காமல் வங்கி தன்னிச்சையாக வரம்பை உயர்த்தவும் முடியாது. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ‘ஆண்டுதோறும் வரம்பைத் தானாக உயர்த்தச் சம்மதிக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதைக் குறியிடாமல் விடுங்கள். ஏற்கெனவே குறியிட்டுத் தரப்பட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் கட்டணங்களும் வட்டியும் எழுதிய விலைப்புள்ளி தர வேண்டும்; அது ஐந்து வேலை நாட்களுக்குச் செல்லும். ஆகையால் ‘இன்றே சொன்னால்தான்’ என்ற அவசரத்துக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் கடன் ஆயுள் காப்பீடு (நீங்கள் இறந்தால் பாக்கியை அடைக்கும் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கக்கூடும். நிலுவை இல்லாதவருக்கு அதனால் பெரிய பயனில்லை; வங்கி அது கட்டாயம் என்றால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள காப்பீட்டையே காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களும் கணவரும் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாமல், பொதுச் சொத்து முறையில் திருமணத்தைப் பதிவு செய்திருந்தால், அட்டையில் ஏறும் கடன் இருவரையும் சேரும். ஆகவே இது அவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சம்பளம் 15-ஆம் தேதி வருவதால், கட்ட வேண்டிய நாள் 16 அல்லது 17 என்று அமையும்படி அறிக்கைத் தேதியை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் டெபிட் ஆர்டரில் ‘குறைந்தபட்சத் தொகை’ அல்ல, ‘முழு நிலுவை’ என்று எழுதிக் கொடுங்கள். பல படிவங்களில் குறைந்தபட்சம்தான் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மாதம் நூறு ரேண்ட் குறைத்துக் கட்டிவிட்டால்கூட, பெரும்பாலான வங்கிகளில் அந்த மாதத்துக் கொள்முதல்களுக்கு வட்டியில்லாச் சலுகை போய்விடும் என்பதால் இது சிறிய விஷயமல்ல.

ஒரே வங்கியில் மட்டும் விண்ணப்பியுங்கள். நாலைந்து இடங்களில் கேட்டால் ஒவ்வொரு விசாரணையும் பதிவாகி, பணத்துக்கு அலைபவர்போல் உங்களைக் காட்டும். விண்ணப்பிப்பதாக இருந்தால் இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். பாண்டுக்கு முந்தைய ஆறு மாதத்தில் புதிய கணக்கு எதுவும் திறக்காதீர்கள். துணிக்கடைப் பாக்கி 900 ரேண்டை இந்த மாதமே கட்டிவிடுங்கள், ஆனால் அந்தக் கணக்கை மூட வேண்டாம். நெடுநாளாக இருக்கும் கணக்குக்கு மதிப்பு உண்டு. சேமிப்பை அட்டையோடு சேர்த்து எண்ணாமல் வளர்த்து வாருங்கள். 900,000 ரேண்ட் வீட்டுக்கு இப்போதைய விதிப்படி சொத்து மாற்று வரி இல்லை, ஏனெனில் 2025 ஏப்ரல் முதல் அதற்கான எல்லை 1,210,000 ரேண்ட். ஆனாலும் வழக்கறிஞர் கட்டணமும் பாண்ட் பதிவுக் கட்டணமும் கையிலிருந்து கட்ட வேண்டியவை, அவை உங்கள் 30,000-ஐ எளிதில் தாண்டிவிடும்.

வங்கியிலிருந்து நான்காவது முறை அழைப்பு வரும்போது, கடன் அறிக்கையை அதற்குள் நீங்கள் பார்த்திருந்தால், இப்படிச் சொல்லுங்கள்: ‘9,000 ரேண்ட் வரம்பு, தானாக உயர்த்தக் கூடாது, முழு நிலுவைக்கு 16-ஆம் தேதி டெபிட் ஆர்டர், மாதக் கட்டணம் எவ்வளவு என்று விலைப்புள்ளியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.’ அனுப்பினால் கணவரோடும் மாமனாரோடும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 40,000-க்குக் குறைத்துத் தர முடியாது என்று சொன்னால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கடனுக்கு அதனால் ஒரு குறையும் வராது.